ஸ்வார்ட்ஸ் ஐயரும் சரபோஜி ராஜாவும்

தஞ்சாவூர்னா பெரிய கோவில், சரஸ்வதி மஹால், தலையாட்டி பொம்மை. இதோட நம்ம லிஸ்ட் முடிஞ்சிடும். ஆனா சிவகங்கைப் பூங்கா பக்கத்துல ஒரு பழைய சர்ச் இருக்கு. உள்ளே ஒரு வெள்ளைப் பளிங்குச் சிற்பம். மரணப் படுக்கையில் ஒரு பாதிரியார், அவர் கையைப் பிடித்தபடி ஒரு ராஜா. செதுக்கியவர் இங்கிலாந்துச் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மேன். செய்யச் சொல்லி வரவழைத்தவர் அந்த ராஜாவேதான், இரண்டாம் சரபோஜி.

ஒரு இந்து ராஜா எதுக்கு சர்ச்சுக்குள்ள பாதிரியாருக்கு நினைவுச் சின்னம் வைக்கணும்?

அந்தப் பாதிரியார் பெயர் கிறிஸ்டியன் ஃபிரெட்ரிக் ஸ்வார்ட்ஸ். ஜெர்மன்காரர். 1750-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். தமிழ் கற்றார், மராத்தி கற்றார். திருச்சியில் பல வருஷம் இருந்துவிட்டு 1778-ல் தஞ்சாவூரிலேயே தங்கிவிட்டார். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. மதத்தைப் பரப்பத்தான் வந்தார், அதை மறைக்க வேண்டியதில்லை.

ஹைதர் அலி படையெடுப்பால் 1781 வாக்கில் தஞ்சையில் கடும் பஞ்சம். முன்னாடி காசு கொடுக்காமல் ஏமாற்றியதால், கோட்டைக்கு நெல் கொண்டுவர விவசாயிகள் மறுத்துட்டாங்க. ராஜா பேச்சு எடுபடலை, கும்பினியார் பேச்சும் எடுபடலை. ஸ்வார்ட்ஸ் "பணத்துக்கு நான் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்ததும் மாடுகளும் நெல்லும் வந்து சேர்ந்தன. சொன்னபடி பணமும் கொடுத்தார். அந்த விவசாயிகள் அவர் மதத்துக்காரங்க இல்லை. ஆனா அவர் வார்த்தையை நம்பினாங்க.

1787-ல் துளஜா ராஜா சாகும் தறுவாயில், தான் தத்தெடுத்த பத்து வயசுப் பையன் சரபோஜியைப் பார்த்துக்கொள்ளும்படி ஸ்வார்ட்ஸைத்தான் கேட்டுக்கொண்டார். அடுத்து பட்டத்துக்கு வந்த அமர் சிங், பையனை வெளிச்சம்கூட சரியா இல்லாத இடத்தில் அடைத்து வைத்தார். படிப்பும் கிடையாது. ஸ்வார்ட்ஸ் கும்பினியாரிடம் விடாமல் முறையிட்டு, 1793-ல் அவனைச் சென்னைக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்.

1798 பிப்ரவரியில் ஸ்வார்ட்ஸ் காலமானார். அதே வருஷம் ஜூனில் சரபோஜி ராஜா ஆனார்.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வரேன். சரபோஜி கடைசிவரை கிறிஸ்தவர் ஆகவே இல்லை! 1803-ல் பெரிய கோவில் சுவரில் தன் வம்ச வரலாற்றைக் கல்வெட்டாகப் பொறித்தவர் அவர். 1820-களில் காசி யாத்திரை போய் வந்தவர். ஆனாலும் ஸ்வார்ட்ஸைத் தகப்பன் ஸ்தானத்தில்தான் வைத்திருந்தார். அவர் சமாதிக்கு ஆங்கிலத்தில் கவிதை வரிகளும் தன் கைப்பட எழுதினார்.

கணக்குப் பார்த்தா, தன் கண் முன்னே வளர்ந்த பையனையே மாற்ற முடியாத மிஷனரி தோற்றுப்போனவர்தானே? நான் அப்படி நினைக்கலை. பையன் மாறுவானா மாட்டானா என்று பார்த்து அவர் அன்பு காட்டியிருந்தால், அந்தப் பளிங்குச் சின்னம் வந்திருக்காது.

நானும் கிறிஸ்தவன்தான். எங்க ஆட்கள் சிலர், பக்கத்து வீட்டுக்காரர் நரகத்துக்குப் போவாரா மாட்டாரா என்று தீர்ப்பு எழுதுவதில் காட்டும் வேகத்தை, அவருக்குக் காய்ச்சல் வந்தால் எட்டிப் பார்ப்பதில் காட்டுவதில்லை. தீர்ப்பு கடவுள் டிபார்ட்மெண்ட் சார், நம்ம வேலை கையைப் பிடிக்கிறதுதான்.

அடுத்த தடவை தஞ்சாவூர் போனா, அந்த சர்ச்சையும் ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க.