கோலாரின் பழங்குழிகள்

கோலார்த் தங்கவயலைப்பற்றி நேயர்கள் பலரும் கேள்வியுற்றிருப்பீர்கள். அங்கே பொன் இருப்பதை முதலில் அறிந்தவர் யார் என்பதே நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள்.

கருநாடகத்தின் கிழக்கெல்லையை ஒட்டி, வடக்குத் தெற்காக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது ஒரு கரும்பசும் பாறைப்பட்டை. அதன் அகலம் சில கிலோமீட்டரே. ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பாக வழிந்து இறுகி, பின்னர் அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் உருமாறிய பாறை அது. அதன் வெடிப்புகளிலே, ஆழத்திலிருந்து ஏறிவந்த வெந்நீர்க் கரைசல்கள் குவார்ட்ஸ் என்னும் வெண்ணிறக் கல்லையும், அதனோடு சிறிது பொன்னையும் படியவிட்டன. பொன்னோ பெரும்பாலும் கண்ணுக்குத் தென்படாது. கல்லை இடித்துத் தூளாக்கி அலசினாலன்றி வெளிப்படாது.

1802ஆம் ஆண்டில் மைசூர் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், மாரிக்குப்பத்தில் ஊரார் பொன் எடுப்பதை நேரிற் கண்டார். ஆடவர் குழியில் இறங்கிக் கல்லை வெட்டினர். கூடைகள் கைக்குக் கை மாறி மேலே வந்தன. பெண்டிர் அக்கல்லைப் பாறைமேல் இட்டு இடித்தனர். வாரனைக் கண்டுபிடிப்பாளர் என்று எழுதுவோர் உண்டு; எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் கண்டதை எழுதிவைத்தார், அவ்வளவே.

அக்குறிப்பைப் பல்லாண்டுகள் எவரும் பொருட்படுத்தவில்லை. பெங்களூரில் வாழ்ந்த மைக்கேல் லவெல் என்னும் முன்னாள் படைவீரர் அதனைப் படித்துவிட்டு 1871இல் கோலாருக்குச் சென்று பார்த்தார். 1873இல் மைசூர் அரசிடம் தோண்டும் உரிமை கோரினார். 1880ஐ ஒட்டிப் பொன்மோகம் மூண்டது. லண்டனில் திரட்டிய பெரும்பணம் வயநாட்டுக் காடுகளிற் கரைந்துபோயிற்று. கோலாரிலும் அவ்வாறே நேரவிருந்தது. மைசூர்க் கம்பெனியின் முதல் வற்றவே, மூடிவிடலாம் என்றனர் பங்குதாரர் சிலர். ஜான் டெய்லர் நிறுவனத்தார் இணங்கவில்லை. சுரங்க மேலாளரான கேப்டன் பிளம்மர் பழங்குழிகளைத் தடமாகக் கொண்டு, அவற்றுக்கும் கீழே சென்றார். வளமிக்க சாம்பியன் ரேகை அங்கே அகப்பட்டது!

முன்னோர் பொன் தீர்ந்ததனால் குழிகளைக் கைவிடவில்லை. ஊற்றுநீரை இறைக்க இயலாமையே காரணம் என்பது என் துணிபு. நீராவிப் பொறியும், 1902 முதல் சிவசமுத்திரத்து மின்சாரமும் அத்தடையை நீக்கின. சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழ்ந்தது. வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர் பலர் அவ்வாழத்திற் பாறை வெடித்து மாண்டனர்.

ஏறத்தாழ 800 டன் பொன் தந்தபின், 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அரைத்துக் கொட்டிய மண், ஊரைச் சுற்றிச் சயனைடு மேடுகளாக நிற்கிறது. அதிலும் டன்னுக்கு ஒரு கிராமுக்குக் குறைவான பொன் எஞ்சியிருக்கிறது.