பாலை எலிகளின் உடல்வெப்பமும் பருவ உறக்கமும்

வறண்ட நிலங்களில் வாழும் சிறு கொறிணிகளில் சில, குளிரோ இரைப் பஞ்சமோ மிகும் பருவத்தில் உடல்வெப்பத்தை வெகுவாகத் தாழ்த்தி, வளைக்குள் அசைவற்றுக் கிடக்கின்றன. இது குளிர்காலத்தில் நிகழ்ந்தால் குளிர்கால உறக்கம், வெயில் காலத்தில் நிகழ்ந்தால் கோடை உறக்கம். சில மணி நேரமே நீடிப்பது அன்றாட மந்தநிலை. பாலையில் வாழும் எல்லா எலிகளும் இப்படி உறங்குவதில்லை. இந்தியாவின் தார்ப் பாலையிலும், தெற்கே கோவில்பட்டி, விளாத்திகுளம், நாகலாபுரம் வட்டாரக் கரிசல் காடுகளிலும் பரவலாகத் திரிபவை உறங்காத இனங்களே.

உடலில் நடப்பது

சிறு உடலுக்கு எடையை நோக்க மேற்பரப்பு அதிகம். அதனால் வெப்பம் விரைவில் வெளியேறுகிறது. விழித்திருக்கும் எலி சுமார் 37 டிகிரி செல்சியஸைக் காக்க ஓயாமல் தின்ன வேண்டும். உறக்கத்தில் உடல்வெப்பம் வளையின் வெப்பநிலையை ஒட்டி இறங்கிவிடும். நிமிடத்துக்குச் சில நூறு முறை துடிக்கும் இதயம் சில துடிப்புகளாகக் குறையும். நெடுநாள் உறங்கும் விலங்கும் இடையிடையே விழித்து உடலைச் சூடேற்றிக்கொள்கிறது. சேமித்த கொழுப்பில் பெரும்பங்கு இந்த விழிப்புகளுக்கே செலவாகிறது. சூடேற்றுவதில் முதன்மைப் பங்கு பழுப்புக் கொழுப்புக்கு உண்டு.

ஆய்வு வரலாறு

பழுப்புக் கொழுப்பை மர்மோட் என்னும் பெரிய தரை அணிலின் உடலில் கண்டு சுவிட்சர்லாந்து அறிஞர் கொன்ராட் கெஸ்னர் 1551இல் எழுதினார். அது வெப்பம் தரும் திசு என்பது 1960களில்தான் தெளிவாயிற்று. ஆங்கில மருத்துவர் மார்ஷல் ஹால் 1832இல் குளிர்கால உறக்கத்தைப் பற்றித் தனிக் கட்டுரை வெளியிட்டார். இந்தத் தொடக்ககால ஆய்வுகள் பெரும்பாலும் குளிர்நாட்டு விலங்குகளைப் பற்றியவை.

பாலை எலிகள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தது 20ஆம் நூற்றாண்டின் நடுவில். அமெரிக்காவில் ஜார்ஜ் பார்த்தலோமியூவும் டாம் கேடும் எட்டு கிராம் அளவே எடையுள்ள பைச்சுண்டெலி ஒன்றின் உறக்கத்தை ஆராய்ந்து 1957இல் எழுதினர். பின்னர் பார்த்தலோமியூவும் ஜாக் ஹட்சனும் மொகாவே பாலையின் இரு தரை அணில்களை ஒப்பிட்டனர். ஒன்று ஆண்டின் பாதிக்கு மேல் மண்ணுக்குள் உறங்குவது. மற்றொன்று ஆண்டு முழுவதும் விழித்திருப்பது. வெயிலில் உடல் 40 டிகிரிக்கு மேல் சூடேற விட்டு, பிறகு வளைக்குள் நுழைந்து தணிந்துகொள்வது. ஒரே பாலையில் இரு வழிகளும் செல்லும் என்பதை இந்த ஒப்பீடு காட்டியது. வட ஆப்பிரிக்காவின் பெரிய ஜெர்போவா என்னும் கொறிணி குளிர்காலத்தில் உறங்கும் இனம் என்பது 1970களில் உறுதியாயிற்று.

இந்தியாவில்

தாமஸ் ஹார்ட்விக் 1807இல் இந்திய வெள்ளெலியை முதன்முதலில் விவரித்தபோது அதை ஜெர்போவா இனமாகவே எண்ணினார். தார்ப் பாலையின் பகல் எலியான மெரியோனஸ் ஹரியானேக்கு டி. சி. ஜெர்டன் 1867இல் பெயரிட்டார். ஜோத்பூரின் மத்திய வறள்மண்டல ஆராய்ச்சி நிறுவனம் 1959இல் இன்றைய வடிவம் பெற்ற பிறகு ஆய்வு விரிவடைந்தது. அங்கு பணியாற்றிய ஈஸ்வர் பிரகாஷும் பி. கே. கோஷும் பாலைக் கொறிணிகள் குறித்துத் தொகுத்த நூல் 1975இல் வெளிவந்தது. தார் எலி உறங்காமல் நேரத்தை மாற்றிக்கொள்கிறது: குளிர்காலத்தில் நண்பகலில் மேய்கிறது, கோடையில் காலையிலும் மாலையிலும் மட்டும் வெளிவருகிறது. இரவில் நடமாடும் வெள்ளெலியோ பகலில் வளையின் வாயை மண்ணால் அடைத்து உள்ளே இருந்துவிடுகிறது. இந்தியாவில் நெடிய குளிர்கால உறக்கத்தைக் காண லடாக்கின் குளிர்ப் பாலைக்குச் செல்ல வேண்டும். அங்கும் உறங்குவது உருவில் பெரிய இமாலய மர்மோட்.

கரிசல் நிலத்தில்

நாகலாபுரம் பக்கம் மார்கழி இரவிலும் குளிர் பெரிதாக வாட்டுவதில்லை. உடலைக் குளிரவிட்டுக் கொழுப்பை மிச்சப்படுத்தும் தேவை எலிக்கு எழவில்லை. இங்கே நெருக்கடி வேறு: வெயில், தண்ணீரின்மை, பின்பு மழை. கரிசல் மண் காய்ந்தால் சுருங்கி ஆழமாக வெடிக்கும். நனைந்தால் உப்பி வெடிப்புகளை மூடிவிடும். சென்னை மாகாண அதிகாரி வால்ட்டர் எலியட் 1839இல் வெளியிட்ட, இதே கரிசல் மண்ணுள்ள தார்வாடு (இன்றைய கர்நாடகம்) வட்டாரப் பாலூட்டிகள் பட்டியலில் இதன் விளைவு பதிவாகியுள்ளது. புல்லெலி கோடையில் கரிசல் வெடிப்புகளில் தங்கும், பருவமழை தொடங்கி வெடிப்புகள் மூடும்போது பெருந்தொகையாக மடியும் என்கிறார் அவர். 1826இல் தொடக்க மழை குறைந்தபோது எலிகள் தப்பிப் பெருகின. விதைத்ததைத் தின்றன, சோளத்தட்டையில் ஏறிக் கதிரை அறுத்தன. தானியக் கூலிக்கு ஆயிரக்கணக்கில் கொன்றும் எண்ணிக்கை குறைந்ததாகத் தெரியவில்லை.

நடைமுறைப் பயன்

கரிசலில் எலிகளின் தொகையைக் கட்டுப்படுத்துபவை உறக்கமல்ல, இரைப் பஞ்சமும் மழையும். 1977இல் தொடங்கிய அகில இந்திய ஒருங்கிணைந்த எலிக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சித் திட்டம் பருவம் பார்த்துச் செயல்பட வலியுறுத்தியதும் இதனால்தான். மானாவாரி நிலத்துக்கு ஏற்ற காலம் கோடை: காட்டில் இரை இல்லாததால் எலி நச்சு இரையை எளிதில் எடுக்கும், கோடை உழவு வளைகளையும் குலைக்கும். ஊர் மொத்தமும் ஒரே சமயத்தில் செய்தால்தான் பலன். ஒருவர் மட்டும் செய்தால் பக்கத்துப் புஞ்சையிலிருந்து புது எலிகள் குடியேறிவிடும்.