ஆணியைக் காத்த பழுப்புத் தாள்

பழவேற்காடு போயிருக்கிறீர்களா? டச்சுக்காரர்கள் 1613-ல் கோட்டை கட்டிய ஊர். அதற்குத் தெற்கே, காட்டுப்பள்ளியில் இன்று கப்பல் கட்டுகிறார்கள். நானூறு வருடத்தில் மரக்கலம் போய் இரும்பும் அலுமினியமும் வந்தாச்சு. மாறாத ஒரே ஆசாமி, உப்புக்காற்று!

உங்களிடம் ஒரு பாய்மரப் படகு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள் (நினைப்புக்குக் காசா, பணமா?). கயிறு கட்டும் அலுமினியக் கொக்கியை எவர்சில்வர் போல்ட் போட்டு முடுக்கியிருக்கிறீர்கள். கொஞ்ச காலம் கழித்துப் பார்த்தால் போல்ட் பளபளக்கிறது. அதைச் சுற்றி அலுமினியம் பொரிந்து, வெள்ளை மாவாக உதிர்கிறது. ‘அலுமினியம் துருப்பிடிக்காது’ என்றார்களே, என்ன ஆச்சு?

விடை, பழைய கப்பல் ஒன்றில் இருக்கிறது. 1761-ல் பிரிட்டிஷ் கடற்படை, ‘அலாரம்’ என்ற போர்க்கப்பலின் அடிப்பாகத்துக்குச் செப்புத் தகடு போர்த்தியது. மரத்தைத் துளைக்கும் கடற்புழுக்களிடமிருந்து தப்பிக்க! 1763-ல் சோதித்தபோது, செம்பு நன்றாகவே இருந்தது. செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள்தான் கரைந்து போயிருந்தன. ஆனால், சில ஆணிகளுக்கு மட்டும் சேதமில்லை. ஏன்? தகடு சுற்றி வந்த பழுப்புத் தாளைச் சில இடங்களில் யாரோ பிரிக்காமல் விட்டுவிட்டார்கள். அந்தச் சோம்பேறி வாழ்க!

விஷயம் இதுதான். இரண்டு வேறு உலோகங்கள் ஒட்டிக்கொண்டு உப்புத் தண்ணீரில் நனைந்தால், அது ஒரு பேட்டரி. மின்சாரம் ஓடும். இரண்டில் இளைத்தது கரையும். நடுவில் தாள் இருந்தால் ஓட்டம் நின்றுவிடும்.

பாடம் கற்றார்களா? ஊஹூம்! 1895-ல் அமெரிக்கக் கோப்பைக்காக ‘டிஃபெண்டர்’ படகைக் கட்டினார், பெயர்பெற்ற நிபுணர் ஹெர்ரஷாஃப். எடை குறைய மேலே அலுமினியம், நீருக்கடியில் வெண்கலம், உள்ளே எஃகுச் சட்டம். கோப்பையை ஜெயித்தது. ஆனால், மூன்று உலோகங்களின் சண்டையில் அலுமினியம் அரித்துப்போனது. 1901-ல் படகை உடைத்துப் போட்டார்கள். ஆயுள் ஆறே வருடம்!

நம் ஊரிலும் இந்த எதிரியை ஆராய்கிறார்கள். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் தர, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம், மண்டபம் கடற்கரையில் உலோகங்களைக் காயப்போட்டுச் சோதித்து வருகிறது.

சரி, உங்கள் கொக்கி? நல்ல தண்ணீரில் கழுவுங்கள். வெள்ளை மாவை நைலான் பிரஷ்ஷால் தேயுங்கள். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம். அதன் துணுக்கு ஒட்டிக்கொண்டால் சண்டை மறுபடி ஆரம்பம். குழி ஆழமாக இருந்தால் தயவு பார்க்காமல் மாற்றிவிடுங்கள். நடுக்கடலில் கொக்கி பிய்த்துக்கொண்டால், பாய்மரமே உங்கள் தலையில் சாயலாம்! மாட்டும்போது போல்ட்டுக்கும் அலுமினியத்துக்கும் நடுவே நைலான் வாஷரும் உறையும் போட்டு, கிரீஸ் தடவுங்கள்.

அந்த வாஷர் வேறொன்றுமில்லை... 1763-ன் பழுப்புத் தாள்தான்!