போட்வின்னிக்கின் சதுரங்கப் பள்ளி

உலகச் சதுரங்கச் சாம்பியனாக விளங்கிய அலெக்கைன் 1946-ஆம் ஆண்டு காலமானார். காலியான பட்டத்திற்காக 1948-ல் ஹேக் நகரிலும் மாஸ்கோவிலும் ஐந்து வீரர்கள் போட்டியிட்டனர். வென்றவர் சோவியத் நாட்டின் மிகையில் போட்வின்னிக். அவர் தொழிலால் மின்பொறியாளர். பிற்காலத்தில் அவர் நடத்திய ஒரு சிறு பள்ளி மூன்று உலகச் சாம்பியன்களைத் தந்தது. அது எவ்வாறு நிகழ்ந்தது?

அக்காலச் சோவியத் நகரங்களில் 'முன்னோடிகள் மாளிகை' என்னும் சிறுவர் மன்றங்கள் இருந்தன. லெனின்கிராடில் ஜார் குடும்பத்தினரின் அனிச்கோவ் மாளிகையே 1937-ல் சிறுவர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பள்ளி முடிந்ததும் மாணவர்கள் அங்கே இசையும் கற்கலாம், சதுரங்கமும் கற்கலாம். 20 வயதுக்கு உட்பட்டோருக்கான உலகப் போட்டி 1951-ல் பர்மிங்காமில் தொடங்கியது. 1955-ல் அதை வென்ற ஸ்பாஸ்கி, இந்த லெனின்கிராடு மாளிகையில் பயின்றவரே.

இத்தகைய மன்றங்களிலிருந்து வந்த திறமையான சிறுவர்களுக்குப் போட்வின்னிக் மேற்பயிற்சி அளித்தார். அவர்கள் ஆண்டில் சில முறை மட்டுமே அவரிடம் கூடுவார்கள். ஒவ்வொருவரும் தாம் ஆடிய ஆட்டங்களை மற்றவர் முன்னிலையில் பலகையில் நகர்த்திக் காட்டி, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் காரணம் கூற வேண்டும். குறைகளை ஆசிரியர் சுட்டிக்காட்டுவார். பின்னர் வீட்டுப்பாடத்துடன் ஊர் திரும்புவார்கள்.

இதிலென்ன புதுமை என்று கேட்கலாம். ஆய்வகத்தில் திருகு அளவியைக் கையாண்ட மாணவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கருவியில் சுழிப்பிழை இருந்தால், ஒரு கம்பியின் விட்டத்தை நூறு முறை அளந்து சராசரி எடுத்தாலும் விடை தவறாகவே இருக்கும். முதலில் பிழையைக் கண்டறிந்து திருத்தவேண்டும். ஆட்டக்காரனும் அப்படித்தான். ஒரே வகை நிலையில் மீண்டும் மீண்டும் தடுமாறுபவன் இன்னும் நூறு ஆட்டங்கள் ஆடினாலும் அத்தடுமாற்றம் நீங்குவதில்லை. தன் ஆட்டத்தைத் தானே எழுதி, ஈவிரக்கமின்றி ஆராய்ந்தால்தான் அது தெரியவரும். போட்வின்னிக் தம் ஆட்டங்களுக்கு விளக்கம் எழுதி அச்சிட்டு வந்தார். தவறு இருந்தால் பிறர் கண்டு சொல்வார்கள் அல்லவா?

1963-ல் யூரல் பகுதியிலிருந்து 12 வயதுக் கார்ப்போவ் அவரிடம் வந்தார். சிறுவனின் ஆட்டம் முதலில் ஆசிரியருக்கு நம்பிக்கை ஊட்டவில்லை. ஆனால் அதே சிறுவன் 1969-ல் உலக இளையோர் சாம்பியனாகவும் 1975-ல் உலகச் சாம்பியனாகவும் உயர்ந்தார். தொடக்கத் தீர்ப்பு எவ்வளவு பெரிய ஆசானுக்கும் பொய்க்கக்கூடும்! 1973-ல் பாக்கு நகரிலிருந்து 10 வயதில் வந்த காஸ்பரோவ், 1985-ல் கார்ப்போவை வென்று பட்டம் பெற்றார். பின்னாளில் அவரும் இப்பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார். அங்கே பயின்ற கிராம்னிக் 2000-ல் அவரையே தோற்கடித்தார்.

இம்மரபின் காற்று சென்னைக்கும் வீசியது. இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோனின் முயற்சியால், 1972-ல் சோவியத் பண்பாட்டு மையத்தில் முன்னாள் உலகச் சாம்பியன் தாலின் பெயரால் ஒரு சதுரங்க மன்றம் அமைந்தது. சிறுவயதில் அங்கு ஆடிப் பழகிய விஸ்வநாதன் ஆனந்த் 1987-ல் உலக இளையோர் பட்டத்தையும், 1988-ல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் தகுதியையும் பெற்றார். 2020-ல் அவரே இளைஞர்களுக்கு வழிகாட்டத் தொடங்கினார். அவரது வழிகாட்டலைப் பெற்ற குகேஷ், 2024 டிசம்பரில் 18 வயதில் உலகச் சாம்பியனானார்.

இன்று கணிப்பொறி நம் தவறை நொடியில் காட்டிவிடுகிறது. ஆனால் அத்தவறு நம் மனத்தில் ஏன் எழுந்தது என்பதை அது சொல்வதில்லை. ஆகவே பள்ளியில் சதுரங்கக் குழு நடத்தும் ஆசிரியர்கள், பலகையோடு ஆளுக்கொரு குறிப்பேடும் கொடுப்பது நல்லது. தோற்ற ஆட்டத்தை அதில் எழுதி, கணிப்பொறியைப் பார்க்குமுன் காரணத்தைத் தானே தேடும் மாணவன், எந்த ஊரில் இருந்தாலும் போட்வின்னிக்கின் மாணவனே.