சோலையும் சீகையும்: நீலகிரி தரும் பாடம்

மலாக்கா மக்களாகிய நமக்கு அயல் மரம் புதிதன்று. பிரேசிலில் பிறந்த இரப்பரை டான் சாய் யான் 1896-இல் இங்குள்ள புக்கிட் லிந்தாங்கில் தோட்டப்பயிராக்கினார். இரப்பரை நம்பியே நம் முன்னோருள் பலர் குடிவந்தனர்.

அதே நூற்றாண்டில் தமிழகத்தின் நீலகிரியில், ஆங்கிலேயர் விறகுக்காக ஆஸ்திரேலியச் சீகையை நட்டனர். விடுதலைக்குப் பின், தோல் பதனிட உதவும் அதன் பட்டைக்காகச் சீகைக்காடுகள் பெருகின. பள்ளத்தில் சோலை, மேட்டில் புல்வெளி என்பதே அம்மலையின் இயல்பு. புல்வெளி சுருங்கவே, தோடர்களின் எருமைகளுக்கு மேய்ச்சலும் அவர்தம் கோயில் வேயும் புல்லும் அருகின.

2022-இல் தமிழக அரசு, அயல் தாவரங்களை அகற்றி இயற்கையை மீட்கும் கொள்கையை வெளியிட்டது. எனினும், வெட்டுதல் மட்டுமே மருத்துவமாகாது. சீகை விதை மண்ணுள் பல்லாண்டு உறங்கி, மரம் வீழ்ந்து வெயில் பட்டதும் முளைக்கும். ஆதலின் அம்முளைகளை ஆண்டுதோறும் களைந்து, புல்லை வளர்த்தெடுத்தல் வேண்டும். பழனிமலையிலோ, சில இடங்களில் சீகையின் நிழலிலேயே சோலைக்கன்றுகள் தழைக்கின்றன. அங்கு மொத்தமாக வெட்டினால் அவையும் மடியும். இடமறிந்து செய்வதே நல்ல திட்டம்.

மரம் நடுதல் எங்கும் நன்றென மாணவர்க்குக் கற்பிக்கிறோம். நடுமுன் அம்மண்ணில் வாழ்ந்தது எது என வினவவும் கற்பிப்போம்.