அடுக்களையில் கூடிய சபை: எப்வொர்த் மெதடிஸ்த ஆலயத்தின் பூர்வ சரித்திரம்

ஓர் ஆலயத்தின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் அதன் அஸ்திவாரக் கல்லில் பொறித்த ஆண்டிலிருந்து தொடங்குவதே வழக்கம். இங்கிலாந்தில் லிங்கன்ஷயரைச் சேர்ந்த எப்வொர்த் என்னும் சிற்றூரின் மெதடிஸ்த ஆலயத்திற்கு அம்முறை பொருந்தாது. மெதடிஸ்த இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லியின் ஞாபகார்த்தமாக அங்கே இன்று நிற்கும் கற்கோயில் கட்டி முடிந்தது 1889-இல். ஆனால் அக்கோயிலுக்கு உரிய சபையின் வித்து அதற்கு 177 ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு குருவானவரின் வீட்டு அடுக்களையில், ஒரு ஸ்திரீயின் கையால் ஊன்றப்பட்டுவிட்டது. அந்த வித்து எங்கிருந்து வந்தது என்று தேடிச் செல்லும் தமிழ் வாசகருக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது.

எப்வொர்த் அமைந்துள்ள ஆக்ஸம் பிரதேசம் முற்காலத்தில் நாற்புறமும் சதுப்பு சூழ்ந்து, தீவு என்றே வழங்கப்பட்டது. 1626-இல் முதலாம் சார்லஸ் அரசனுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட வெர்மைடன் என்ற டச்சுப் பொறியியலாளர் அச்சதுப்பை வடித்து விளைநிலமாக்க முற்பட்டபோது, மேய்ச்சலும் மீன்பிடிப்பும் பொதுநிலமும் இழந்த குடிகள் கரைகளை உடைத்தும் கலகம் விளைத்தும் பல தலைமுறைகள் வரை போராடினர். மேலிடத்திலிருந்து வரும் எவரையும் ஐயத்தோடு நோக்கும் இயல்பு இவ்வூராரிடம் குடிகொண்டமைக்கு இதனினும் வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

இத்தகைய ஊருக்குத்தான் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் சாமுவேல் வெஸ்லி குருவாக வந்து சேர்ந்தார். கல்வியிற் சிறந்தவர், கவிதை புனைபவர். ஆனால் கணக்கு வழக்கில் தேர்ச்சியில்லாதவர், ஊரின் நாடியறிந்து பேசும் சாதுரியமும் வாய்க்காதவர். 1705-ஆம் ஆண்டுப் பார்லிமெண்டுத் தேர்தலில் ஊராரின் மனத்திற்கு மாறான கட்சியை ஆதரித்ததன் பலனாக, 30 பவுனுக்கும் குறைந்த ஒரு கடனுக்காக லிங்கன் கோட்டைச் சிறையில் அடைபட்டார். அவர் வீட்டுப் பசுக்களும் வெட்டுண்டன. 1709 பெப்ரவரி 9 இரவில் குருமனையே தீப்பற்றி எரிந்தது. மாடியில் அகப்பட்டுக்கொண்ட ஐந்து வயதுப் பாலகனான ஜானை, ஒருவர் தோள்மேல் ஒருவராக நின்று ஜன்னல் வழியே இறக்கிக் காப்பாற்றினர். தீ வைத்தவர் ஊராரே என்ற ஐயம் குடும்பத்தாருக்கு இருந்தது; அது ருசுவாகவில்லை. காப்பாற்றியவரும் அண்டையிலிருந்து ஓடிவந்தவர்களே என்பதையும் மறத்தலாகாது.

1711-12 மாரிக்காலத்தில் சாமுவேல் திருச்சபை மகாசபையின் பொருட்டு லண்டனில் தங்கியிருந்தார். அவருக்குப் பதிலாக இருந்த உதவிக் குருவின் பிரசங்கம் ஜனங்களுக்கு ருசிக்கவில்லை. பத்தொன்பது பிள்ளைகளைப் பெற்றுப் பாதியளவே பிழைக்கக் கண்டவரான அவர் மனைவி சூசன்னா அம்மையார், ஞாயிறு மாலைகளில் தம் மக்களையும் பணியாட்களையும் கூட்டிவைத்து ஜெபமும் நற்போதகமும் வாசிக்கத் தொடங்கினார். அந்நாட்களில் மூத்த மகள் எமிலியா தகப்பனாரின் அறையில் ஒரு நூலைக் கண்டெடுத்துத் தாய்க்குப் படித்துக் காட்டினாள். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, புளூச்சோ என்னும் இரு மிஷனரிமாரின் விருத்தாந்தம் அது. ஜெர்மன் மூலத்திலிருந்து பெயர்த்து லண்டனில் அச்சிட்டது. சோழமண்டலக் கரையில் அந்நிய பாஷையைப் பிள்ளைகளோடு மணலில் எழுதிப் பழகத் துணிந்தவர்களின் ஆர்வம் தம்மை எவ்வளவு அசைத்தது என்பதை அம்மையாரே 1712 பெப்ரவரியில் கணவருக்கு எழுதிய கடிதத்தில் விவரிக்கிறார். ஆண்பிள்ளையாகவோ குருவாகவோ இல்லாவிடினும் தம்மால் இன்னும் அதிகம் செய்யக்கூடும் என்ற எண்ணம் அப்போதுதான் அவருக்கு உதித்தது. பணியாள் ஒருவன் தன் பெற்றோரை அழைத்துவந்தான். அவர்கள் அண்டையாரை அழைத்தனர். சில வாரங்களில் 200 பேருக்கு மேற்பட்டோர் கூடினர், நிற்க இடமின்றித் திரும்பியவரும் உண்டு. உதவிக் குரு முறையிட்டார். ஸ்திரீ ஒருத்தி சபை நடத்துவது அழகன்று எனக் கணவரும் எழுதினார். அம்மையாரோ, கலைக்க வேண்டுமாயின் ‘விருப்பம்’ என்று சொல்லாமல் திட்டமான கட்டளையாக அனுப்புமாறும், அதன் பொறுப்பைத் தேவசமுகத்தில் கணவரே ஏற்குமாறும் மறுமொழி விடுத்தார். கட்டளை வரவில்லை. எட்டு வயது ஜான் அந்த மாலைகளில் தாயின் அருகே இருந்தவன்; பிற்கால மெதடிஸ்த சங்கங்களின் இலக்கணம் முழுவதும் அந்த அடுக்களையில் இருந்ததென்றே நான் கருதுகிறேன்.

மகன் திரும்பி வந்தது 1742 ஜூன் 5 அன்று. தந்தை மாண்டு ஏழாண்டு. குருமனை அந்நியர் வசம். ஆகவே ஊர் நடுவிலிருந்த சத்திரத்தில் தங்கினார். மறுநாள் ஆராதனையில் உதவ முன்வந்தவரை ராம்லி என்ற உதவிக் குரு மறுத்தார். ஒரு காலத்தில் சாமுவேலின் கையெழுத்துப் பணிகளுக்கு உதவியிருந்தவர் அவர். மாலை ஆறு மணிக்கு ஜான் கோயிலின் கீழ்ப்புறத்தில் தந்தையின் கல்லறைமேல் ஏறி நின்று பிரசங்கித்தார். எப்வொர்த் அதுவரை கண்டிராத கூட்டம் திரண்டது. அந்த வாரத்தில் மாலைதோறும் அதே கல்லின்மேல் நின்றார். பிரசங்க பீடம் உதவிக் குருவின் அதிகாரத்தில் இருக்கலாம், தந்தையின் கல்லறையில் மகனை யார் தடுப்பது என்று ஊரார் எண்ணியிருப்பர் என்பது என் அனுமானம். அவ்வாரத்து வேடிக்கை ஒன்றை வெஸ்லியின் நாட்குறிப்பு பாதுகாத்திருக்கிறது. கோபங்கொண்ட அண்டையார் மெதடிஸ்தரை ஒரு வண்டி நிறைய ஏற்றி நீதிபதிமுன் நிறுத்தினர். குற்றம் யாதெனக் கேட்டபோது, ஓயாமல் ஜெபிக்கிறார்கள், என் மனைவியையும் மாற்றிவிட்டார்கள், ஓயாது ஏசியவள் இப்போது ஆட்டுக்குட்டிபோல் இருக்கிறாள் என்றான் ஒருவன். ஊரிலுள்ள ஏசுவாய்ப் பெண்களையெல்லாம் அவர்களே மாற்றட்டும் என்று நீதிபதி அனைவரையும் விடுவித்தார்.

சங்கம் நிலைபெற்றது பிரசங்கத்தால் மட்டுமன்று. பிரிஸ்டல் நகரில் மெதடிஸ்தரின் கூடத்துக் கடனை அடைக்க அவ்வாண்டு பெப்ரவரியில் வகுத்த ஏற்பாட்டின்படி, பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர், ஆளுக்கு வாரம் ஒரு பென்னி. காசு வாங்கச் சென்றவரே ஆத்தும க்ஷேமத்தையும் விசாரிக்கலானார். சாமானியர் கையில் பொறுப்பு வந்ததால் உரிமை வினாவும் பின்தொடர்ந்தது. எப்வொர்த்திலேயே 1762-இல் பிறந்த அலெக்ஸாந்தர் கில்ஹம், மெதடிஸ்த மகாநாட்டில் உபதேசிகளுக்கு நிகராகச் சபையாருக்கும் இடம் வேண்டும் என்று எழுதியமைக்காக 1796-இல் விலக்கப்பட்டார். அடுத்த ஆண்டே மெதடிஸ்த புதிய ஐக்கியம் என்ற தனிச் சபை பிறந்தது. வெர்மைடனை எதிர்த்த ஊரின் குருதி அவரிடம் ஓடியது என்றால் மிகையாகலாம். ஆயினும் சொல்லாதிருக்க மனமில்லை. பிரிந்த கிளை 1907-இலும் 1932-இலும் நிகழ்ந்த ஐக்கியங்களின் வழியே மீண்டும் தாய் மரத்தோடு சேர்ந்தது.

இதனிடையே 1814-இல் காலியில் கரையேறிய வெஸ்லியன் மிஷனரிமாரில் சிலர் யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் சென்று தமிழ் கற்றனர். தரங்கம்பாடி விருத்தாந்தம் எப்வொர்த் அடுக்களையில் வாசிக்கப்பட்ட கதையை அவர்கள் அறிந்திருந்தனரோ இல்லையோ, அந்த அடுக்களையின் மரபு அவர்களோடு கப்பலேறி வந்தது.

பழைய குருமனை 1957 முதல் காட்சிமனையாக விளங்குகிறது. சாமுவேலின் கல்லறையோ மெதடிஸ்த ஆலயத்தில் இல்லை. மகனுக்குப் பீடம் மறுத்த அதே ஆங்கிலிக்கன் கோயிலின் முற்றத்திலேயே கிடக்கிறது. அதன் பலகைக் கல்லில் காணும் இரண்டு கறைகளை வெஸ்லியின் பாதச்சுவடுகள் என்று காட்டுவார் உண்டு. கல்லில் கலந்த இரும்புத் தாதுவின் அடையாளங்கள் அவை.