குழந்தை அணையாடை: துணியும் டயப்பரும்

கைக்குழந்தையின் சிறுநீரையும் மலத்தையும் ஏந்திக்கொள்ள இடுப்பில் கட்டுவதும் அடியில் விரிப்பதுமான துணி அணையாடை எனப்படும்; துவைத்து மீண்டும் கட்டும் துணி, ஒருமுறை பயன்பட்டபின் எறியப்படும் டயப்பர் என அது இன்று இருவகைப்படும். விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை போன்ற வறண்ட வட்டாரத்தில் இவற்றுள் ஒன்றைத் தேர்வது விலைக் கணக்கோடு முடிவதில்லை; தண்ணீரும் துவைப்பவரின் நேரமும் அதில் சேர்ந்தே வருகின்றன.

பழைய பருத்தி வேட்டியையும் நூல்சேலையையும் கிழித்து, முக்கோணமாக மடித்தோ அரைஞாண்கயிற்றில் செருகியோ கட்டுவது நெடுநாள் வழக்கம். பலமுறை வெளுத்துத் தேய்ந்த நூல்துணி, புதுத்துணியைவிட மென்மையாகவும் ஈரத்தை எளிதில் உறிஞ்சுவதாகவும் இருப்பதே இதற்குக் காரணம். தமிழக அரசு 2015இல் அரசு மருத்துவமனைகளில் வழங்கத் தொடங்கிய, 16 பொருள்கள் அடங்கிய அம்மா குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்திலும் நாப்கின் இடம்பெற்றிருந்தது. துணிமுறையைச் செலவற்றதாகப் போற்றுவோர் மறக்கும் செய்தி ஒன்றுண்டு: பேறுகாலத் துணிகளை வெளுக்கும் வேலை வண்ணார் சமூகத்தின் மீது சாதிக் கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தது; எஞ்சியதை வீட்டுப் பெண்கள் கூலியின்றிச் செய்தனர்.

டயப்பர் மூன்று அடுக்குகளால் ஆனது. தோலைத் தொடும் நெய்யாத் துணி ஈரத்தை உள்ளே விடும். நடுவில் மரக்கூழ்ப் பஞ்சும், நீரைப் பலமடங்கு உறிஞ்சிக் கூழாக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட் துகள்களும் இருக்கும். வெளிப்புற நெகிழித்தாள் கசிவைத் தடுக்கும். அமெரிக்காவில் 1961இல் பாம்பர்ஸ் டயப்பர் விற்பனைக்கு வந்தபோது இத்துகள்கள் இல்லை; 1980களில் இவை சேர்ந்த பிறகே டயப்பர் மெலிந்தது. ஈரம் வெளியே தெரியாமையே அதன் வசதியும் குறையும் ஆகும். நெடுநேரம் மாற்றாது விட்டால் ஈரமும் உராய்வும் மலத்திலுள்ள நொதிகளும் தோலைப் புண்ணாக்கும். நனைந்த துணியை மாற்றாது விட்டாலும் இதே நிலைதான்.

சூழல் பாதிப்பை ஒப்பிட்டு 2008இல் வெளியான பிரித்தானிய அரசு ஆய்வு, ஒரு குழந்தையின் முதல் இரண்டரை ஆண்டுகளுக்கான கரிம உமிழ்வை டயப்பருக்கு ஏறத்தாழ 550 கிலோ, துணிக்கு 570 கிலோ எனக் கணித்தது. துணியின் உமிழ்வுக் கணக்கை உயர்த்தியவை பெரும்பாலும் சுடுநீர்ச் சலவையும் உலர்த்தும் இயந்திரமுமே ஆதலின், கையால் துவைத்து வெயிலில் காயப்போடும் வீட்டுக்கு அது அப்படியே பொருந்தாது. வெம்பக்கோட்டையில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, பஞ்சம் தண்ணீருக்கே. வைப்பாறு ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்க, பிறந்த குழந்தைக்கோ நாளொன்றுக்குப் பத்துத் துணிவரை தேவைப்படும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அவை காய்வதும் தாமதமாகும்.

இவ்வட்டாரப் பட்டாசு ஆலைக்கு வேலைக்குச் செல்லும் தாய்க்கு, மாலையில் குவிந்திருக்கும் துணி இரண்டாம் வேலையாகிறது. அலுமினியத்தூளும் கந்தகமும் படிந்திருக்கக்கூடிய வேலை உடைகளோடு குழந்தைத் துணியை ஒரே வாளியில் ஊறவைக்கலாகாது என்பதால் தண்ணீர்ச் செலவு மேலும் கூடும். எனவே பகலில் துணியும், இரவிலும் பயணத்திலும் டயப்பரும் என்ற கலப்புமுறையைக் குறை சொல்வதற்கில்லை. துணியைச் சோப்பு முற்றிலும் நீங்க அலசி வெயிலில் உலர்த்த வேண்டும். துணியை மென்மையாக்கும் திரவங்கள் அதன் உறிஞ்சுந்திறனைக் குறைத்துவிடும்.

டயப்பரின் சுமை வீட்டிற்கு வெளியே விழுகிறது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் அதைச் சுகாதாரக் கழிவாக வகுத்து, தனியே பொதிந்து ஒப்படைக்கும்படி கூறியதோடு, பொதியுறை வழங்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீதும் வைத்தன. கண்மாய்க்கரையில் வீசுவதும் திறந்தவெளியில் எரிப்பதும் விதிமீறல்களே; பட்டாசுத் தொழில் சூழ்ந்த ஊரில் குப்பைக்குத் தீ வைப்பது கூடுதல் ஆபத்து. மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு, டயப்பரை இறுகச் சுருட்டித் தாளில் பொதிந்து தந்தால், குப்பையைக் கையால் தரம்பிரிக்கும் ஊராட்சித் தூய்மைக் காவலர் அதைத் திறந்து பார்க்க வேண்டியிராது.